பூச்சாடியில் சர்க்கரையை மட்டும் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் இதழின் வீட்டுக் குறிப்புப் பெட்டியில், வெட்டிய பூ வாடாமல் இருக்க ஜாடித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுங்கள், இல்லையென்றால் ஒரு காசு போடுங்கள், ஒரு ஆஸ்பிரின் மாத்திரை போடுங்கள், ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள் என்று நாலே வரியில் முடித்திருந்தீர்கள். அதில் பாதி பூவைக் காப்பாற்றாது, ஒன்றிரண்டு சீக்கிரமே கெடுத்துவிடும். நம்பிச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற வேலை பல வருடமாக என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வைக்கிற பூ ஞாயிறு பூசையைத் தாண்டி, புதன்கிழமை சகாய மாதா நவநாள் வரைக்கும் நிற்க வேண்டும், நடுவில் புதுப் பூ வாங்கக் காசு கிடையாது. பூவுக்குப் பணம் தருகிறவர்கள் பெரும்பாலும் காசிமேட்டில் மீன் விற்றுப் பிழைக்கிற பெண்கள், கடலுக்குப் போகிறவர்களின் வீட்டார். "எங்க வீட்டுக்காரர் நினைவு நாளுக்கு ஒரு கட்டு ரோஸ் வைங்கக்கா" என்று சுருட்டி வைத்த நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போகிற ஒருவர், பூசைக்கு வந்து பார்க்கும்போது அந்த ரோஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் அவர் மனசு என்ன பாடுபடும்? அதிலும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், யார் கையிலும் காசு புழங்காது, வெயிலும் அப்போதுதான் மண்டையைப் பிளக்கும், பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்குகிற முதல் நன்மை, கல்யாணம் என்று பூ அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை, அந்த நாற்பது நாளைத் தவிர மற்ற வாரமெல்லாம் எனக்கு இதே கவலை.

சர்க்கரைக்கு வருகிறேன். வெட்டிய பூ, தண்டுக்குள் நூல் நூலாக ஓடுகிற மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தாலும் பூவுக்கு ஒரு சொட்டுப் போகாது. அடைப்பது முக்கியமாக இரண்டு. ஒன்று, வெட்டிய நேரத்தில் உள்ளே புகுந்த காற்று. இன்னொன்று, தண்ணீரில் பெருகுகிற பாக்டீரியா. இரண்டு நாள் தண்ணீர் மாற்றாத ஜாடியில் கையை விட்டுத் தண்டின் அடியைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று விரலில் ஒட்டும், முகர்ந்தால் குமட்டும். அந்த வழவழப்புத்தான் பூவின் கழுத்தை நெரிப்பது. சர்க்கரை பூவுக்கு ஆகாரம்தான், மொட்டு விரிய அது உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே சர்க்கரை பாக்டீரியாவுக்கும் ஆகாரம். வெறும் சர்க்கரைத் தண்ணீர் நம் ஊர்ச் சூட்டில் ஒரே ராத்திரியில் கலங்கிவிடும், சும்மா தண்ணீரில் வைத்திருந்தால் நிற்கிற நாள்கூட அந்தப் பூ நிற்காது.

அதனால் சர்க்கரை போட்டால் கூடவே புளிப்பும் போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இது என் அளவு. சாற்றை வடிகட்டி ஊற்றுங்கள், சக்கை விழுந்தால் அதுவே தண்டை அடைக்கும். புளிப்பு ஏறின தண்ணீரில் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும், தண்டுக்குள் தண்ணீர் ஏறுவதும் சுலபமாகிறது. எலுமிச்சை கிடைக்காத நாளில் வெள்ளை வினிகர் ஊற்றலாம். கடையில் பூங்கொத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் தருகிறார்களே, அதிலும் இருப்பது இதேதான்: ஒரு சர்க்கரை, ஒரு புளிப்பு, ஒரு கிருமிக்கொல்லி. எலுமிச்சை சோடாவை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பலிப்பதற்கும் காரணம் அதில் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே இருப்பதுதான். சர்க்கரை இல்லாத டயட் சோடாவில் அந்த ஆகாரம் கிடையாது.

கிருமிக்கு ப்ளீச்சிங் போடலாமா என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் மழை வெள்ளம் வடிந்தால் தெருவெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் தூவுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் எல்லாருக்கும் அது கைக்கெட்டும் பொருள். நான் அதை ஜாடியைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் ப்ளீச் கரைத்த தண்ணீரில் ஜாடியை ஊற வைத்து, பாட்டில் பிரஷ்ஷால் உள்பக்கம் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு, அதற்கு அப்புறம் எலுமிச்சைத் தண்ணீர். ப்ளீச்சையும் எலுமிச்சையையும், ப்ளீச்சையும் வினிகரையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும், சின்ன சமையலறையில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. ஜாடி சுத்தமாக இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி, சோறு சாப்பிடுகிற தட்டைக் கழுவுகிற மாதிரி கழுவ வேண்டும்.

காசு விஷயம். செம்பு கிருமியைக் கொல்லும் என்பது உண்மை, அதற்காகத்தான் அந்தக் காலத்தில் செப்புக் குடத்தில் தண்ணீர் வைத்தார்கள். ஆனால் இன்றைக்கு நம் பையில் இருக்கிற ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் எவர்சில்வர் ஜாதி, அதில் செம்பு எங்கே இருக்கிறது? நாலு பேர் கை பட்ட காசு ஜாடிக்குள் கூடுதலாகக் கிருமியைக் கொண்டுபோகும், அவ்வளவுதான். தாத்தா காலத்துச் செப்புக் காசு வைத்திருந்தாலும் அதிலிருந்து தண்ணீரில் கரைகிற செம்பு போதாது. செப்புச் சொம்பிலேயே பூ வைக்கிறவர்கள் எலுமிச்சை சேர்க்க வேண்டாம், புளிப்புப் பட்டால் செம்பு அளவுக்கு மீறிக் கரையும், தண்டு கருகும். புளிப்புத் தண்ணீருக்குக் கண்ணாடியோ பீங்கானோதான் நல்லது. ஆஸ்பிரினும் ஒரு அமிலம்தான், தண்ணீரில் சரியாகக் கரையக்கூட மாட்டேன் என்கிறது, ஒரு மூடி எலுமிச்சை செய்கிற வேலைக்கு எதற்கு மாத்திரை? உப்பைப் பற்றி ஒரே வரி: போடாதீர்கள்.

உப்பு என்றதும் வடசென்னைக்காரியாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு ஒரே வீட்டில் மூன்று விதத் தண்ணீர். குழாயில் வருகிற மெட்ரோ தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று போர் தண்ணீர், கடையில் வாங்குகிற கேன் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் கடல் உப்பு நிலத்தடி நீரில் ஏறிப் பல காலம் ஆகிறது, கடலோரமாக இருக்கிற எங்கள் தெருக்களிலும் பல வீட்டு போரில் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரில் சம்பங்கியை வைத்துப் பாருங்கள், மறுநாளே இதழ் ஓரம் பழுப்பாகும். நீங்கள் எவ்வளவு சர்க்கரை போட்டாலும், எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் உப்புத் தண்ணீருக்கு மருந்து கிடையாது. மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாசம் அடிக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பூவுக்கு அது நல்லதுதான். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சில பேர் ஜாடியில் ஊற்றுகிறார்கள், அதில்தான் உப்பு அத்தனையும் சேர்ந்திருக்கும், அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. மிஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைத்தால் அது கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர், சுத்தமான பக்கெட்டில் பிடித்தது என்றால் ஜாடிக்குத் தாராளமாக ஊற்றலாம். மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மே மாத மதியம் கொதிக்கிறது, அதை நேராக ஊற்றாமல் பானையில் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

வெட்டுவது எப்படி என்று உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. சர்க்கரையைவிட அதுதான் பெரிய விஷயம். கோயம்பேட்டிலிருந்தோ பாரிமுனை பூக்கடைப் பக்கமிருந்தோ கட்டு வந்து சேர்வதற்குள் தண்டின் அடி காய்ந்து காற்று ஏறியிருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டே, ஒரு விரற்கடை உயரத்துக்குச் சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் தண்டு ஜாடியின் அடியில் சப்பென்று உட்கார்ந்து அடைபடாது. கூர்மையான கத்தியோ புது பிளேடோ வேண்டும், மொண்ணைக் கத்தரிக்கோல் குழாயை நசுக்கிவிடும். எங்கள் வீடுகளில் மீன் ஆய்கிற கத்தி எப்போதும் கூர்மையாக இருக்கும், அதை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள், அதில் இருக்கிற கிருமி நேராகத் தண்டுக்குள் போகும். ரோஜாத் தண்டைச் சுத்தியலால் நசுக்கினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அதுவும் வேண்டாம். தண்ணீருக்குள் மூழ்குகிற இலை அத்தனையும் உருவிவிட வேண்டும், அழுகுவது முதலில் அதுதான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, வெயில் காலத்தில் தினமும், தண்ணீரை மாற்றி நுனியை மறுபடி கொஞ்சம் வெட்டிவிடுங்கள். இதை மட்டும் செய்து, வேறு எதுவுமே தண்ணீரில் போடாவிட்டாலும் பூ நிற்கும்.

எல்லாப் பூவுக்கும் ஒரே வைத்தியமும் கிடையாது. ஜெர்பராவின் தண்டு மெத்தென்று முடியோடு இருக்கும், கழுத்து வரை தண்ணீர் ஊற்றினால் அழுகி மடியும், அதற்கு இரண்டு விரல் ஆழம் போதும், தினமும் பார்த்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். சம்பங்கியில் கீழே வாடின பூவைத் தினமும் கிள்ளிவிட்டால் மேலே இருக்கிற மொட்டு விரியும். கிளாடியோலஸை ராத்திரி படுக்கப் போட்டு வைத்தால் காலையில் நுனியெல்லாம் மேல் நோக்கி வளைந்துவிடும், அதை அப்புறம் நிமிர்த்தவே முடியாது, பீடத்தில் கோணல் மாணலாக நிற்கும், வாங்கி வந்ததும் பக்கெட்டில் நிமிர்த்தி வையுங்கள். தலை தொங்கின ரோஜாவைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், நுனியை வெட்டி, நாலைந்தை ஒன்றாக நிமிர்த்திப் பிடித்துச் செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி, ஆழமான தண்ணீரில் ஓரிரண்டு மணி நேரம் நிற்க வையுங்கள். காற்று அடைத்ததால் தொங்கினது என்றால் கழுத்து நிமிர்ந்துவிடும். அலங்காரத்துக்கு வைக்கிற பச்சை ஸ்பாஞ்ச் இருக்கிறதே, அதைத் தண்ணீருக்குள் கையால் அமுக்குகிறார்கள், வெளியே நனைந்து உள்ளே காற்று தங்கிவிடும், அந்தக் காற்றுப் பையில் குத்தின தண்டுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. தண்ணீர் மேல் மிதக்க விட்டால் அதுவாகவே உறிஞ்சிக்கொண்டு மூழ்கும், அந்த இரண்டு நிமிடம் பொறுமை வேண்டும். என்னைக் கேட்டால் அந்த ஸ்பாஞ்சே வேண்டாம் என்பேன், அது மக்காத பிளாஸ்டிக், பொடிப்பொடியாகக் கழிவுநீரோடு கடைசியில் எங்கள் கடலுக்குத்தான் வருகிறது.

வைக்கிற இடமும் முக்கியம். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் இதழிலிருந்து ஈரம் பறந்துவிடும். பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம். பழுக்கிற வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடுகின்றன, பழத்தைக் கனிய வைக்கிற அந்த வாயுவே பூவைச் சீக்கிரம் முதிர வைத்து உதிர்த்துவிடுகிறது. புகையிலும் அது உண்டு. 1908-இல் சிகாகோவில் க்ரோக்கர், நைட் என்ற இரண்டு பேர், பசுமைக் குடில்களில் கார்னேஷன் பூக்கள் விரியாமல் மூடிக்கொள்வதற்கு விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று காட்டினார்கள், அதுவும் காற்றில் மிக மிகச் சொற்ப அளவில் இருந்தாலே போதும் என்று. எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தியும் தூபமும், இந்து வீடுகளில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் பக்கத்திலேயே ஆப்பிள் வாழைப்பழத் தட்டும் இருக்கும், இதையெல்லாம் எடுத்துவிடு என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கார்னேஷனை மட்டும் தள்ளி வைத்து ஜன்னலைத் திறந்துவிடலாம், ராத்திரியில் பழத்தட்டை வேறு இடத்துக்கு மாற்றலாம்.

சரி, இதெல்லாம் ஜாடிப் பூ. உங்கள் இதழைப் படிக்கிற வீடுகளில் எத்தனை வீட்டில் ஜாடி இருக்கிறது? தினமும் ஒரு முழம் மல்லி வாங்குகிற வீடுகள்தான் அதிகம், அந்த மல்லிக்கு ஒரு குறிப்புக்கூட நீங்கள் போட்டு நான் பார்த்ததில்லை. திருவொற்றியூர்ச் சிவன் கோயிலில், சுந்தரர் மணந்த சங்கிலி நாச்சியார் சாமிக்குப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்து பூக்கட்டுகிற ஊர் இது. அந்தக் கோயிலின் தல மரமான மகிழ மரத்தின் பூ காய்ந்தாலும் வாசம் போகாது, மல்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதனால்தான் நம் பெண்கள் அதைக் காப்பாற்றுவதற்கு இவ்வளவு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெரு முனையில் பூ விற்கிற அம்மா ஒருவர் செய்வதைக் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். விடியற்காலையில் பறித்த மொட்டு அது, சாயங்காலம்தான் விரியும், அதனால் அவருடைய கவலையெல்லாம் அதை மதியம் வரை குளிர்ச்சியாக வைப்பதில்தான். கூடைக்கு அடியில் ஈரக் கோணி, அதன் மேல் வாழை இலை, பூவின் மேல் பிழிந்த ஈரத்துணி. துணியைத்தான் நனைக்கிறார், பூவை நனைப்பதில்லை. தண்ணீரை அள்ளித் தெளிப்பது வாங்குகிறவர்கள் செய்கிற வேலை, மொட்டின் நடுவில் தண்ணீர் தங்கினால் அது பழுத்துப் போகும். வாழை நாரை ஊற வைத்துக் கட்டுகிறார், நார் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், நைலான் நூல் மாதிரிக் காம்பை அறுக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை, ஆனாலும் "கவர்ல போட்டுக் குடும்மா" என்று கேட்பதை நாம்தான் விடவில்லை. கவரை முடிச்சுப் போட்டதும் உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது, வீட்டுக்கு வருவதற்குள் ஓரமெல்லாம் சிவந்துவிடும். வாழை இலையில் சுற்றி வாங்கி வந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் இலையோடு வைத்து மூடி, ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கண்ணாடி மாதிரி ஆகி எடுத்ததும் தொய்ந்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணல் போட்ட மண்சட்டியின் மேல் டப்பாவை வைத்தால் ராத்திரி தாங்கும், கடற்காற்று பிசுபிசுவென்று இருக்கிற நாளில் கொஞ்சம் குறைவாகத்தான் குளிரும். மல்லிக்கும் பழத்துக்கும் ஒரே டப்பா, ஒரே தட்டு வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பூக்கடையில் உட்காருகிற பெண்கள் நாலு பேரிடம் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள், தை மாதக் கல்யாண சீசனுக்கு முன்னால் வந்தால் எல்லாருக்கும் உபயோகம். எங்கிருந்தோ எடுத்த நாலு வரியைவிட அவர்களுக்கு நிறையத் தெரியும், இதுவரைக்கும் அவர்களிடம் யாரும் விலையைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

இன்னொன்று, அரளி. செவ்வரளியை ஜாடியிலோ உருளியிலோ வைக்கிற வீடுகளில் குழந்தைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், பூ, இலை, பால் எல்லாமே விஷம், அது நின்ற தண்ணீரும் ஆகாது. அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடிக்கிற தொட்டியிலோ வாசலிலோ ஊற்றாமல் நேராகச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடிதம் முழுவதையும் போட இடம் இல்லையென்றால், ப்ளீச்சையும் எலுமிச்சையையும் கலக்கக் கூடாது என்பதையும், இந்த அரளி விஷயத்தையும் மட்டுமாவது, போன வாரக் குறிப்பு வந்த அதே பெட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை - 13